கறையை முற்றவைக்கும் கைவைத்தியம்

கல்யாணப் பந்தியில் ஒருவர் மடியில் சாம்பார் கொட்டிவிட்டால் போதும், சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிடுவார்கள். “உடனே வெந்நீர் ஊத்துங்க மாமா” என்று பக்கத்து இலை சொல்லும். “உப்பு வச்சுத் தேய்ங்க, சட்டுனு போயிடும்” என்று எதிர்வரிசை சொல்லும். எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் சமையற்கட்டுப் பக்கம் ஓடுவார். மாமாவோ கை கழுவும் இடத்தில் கிடக்கிற சோப்புத்துண்டை எடுத்து வேட்டியைக் கசக்கத் தொடங்குவார். மஞ்சளாக இருந்த கறை எல்லார் கண்ணெதிரிலும் செங்கல் நிறத்துக்கு மாறும். “போச்சு, பிடிச்சிக்கிச்சு. இனிமே இது வீட்டு வேட்டிதான்” என்று தீர்ப்பும் ஆகிவிடும்.

இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. சில கறைகள் சாது, சில கறைகள் பிடிவாதம்; பிடிவாதக் கறைக்குப் பலம்தான் மருந்து என்பது அது. தண்ணீர் எவ்வளவு கொதிக்கிறதோ, கை எவ்வளவு அழுத்துகிறதோ, போடுகிற சரக்கு எவ்வளவு காட்டமானதோ, அவ்வளவுக்குக் கறை வழிக்கு வரும் என்று நம்புகிறோம். வார இதழின் வீட்டுக்குறிப்புப் பக்கமும் சோப்புத்தூள் விளம்பரமும் கைப்பேசியில் ஓடும் அரை நிமிட வீடியோவும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. என் கட்சி இதற்கு நேர் எதிர். பிறவியிலேயே பிடிவாதமான கறைகள் மிகச் சில. மற்றவையெல்லாம் முதல் அரைமணி நேரத்தில் நாம் செய்த வைத்தியத்தால் பிடிவாதம் பிடித்தவை. கொதிநீரும் எலுமிச்சையும் பிரஷ்ஷும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஊட்டி வளர்த்தவை.

அந்தச் செங்கல் நிறத்தையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள்நீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்தி சிவக்கும் என்பது நம் வீடுகளில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். அது நீங்கினால் பழையபடி மஞ்சளாகும். சோப்புக்கும் காரத்தன்மை உண்டு. தட்டில் நடந்தால் மங்கலம் என்று நினைக்கிற அதே மாற்றம் வேட்டியில் நடந்தால் கறை முற்றிவிட்டது என்று கைவிட்டுவிடுகிறோம். முற்றவில்லை. சோப்புப் போக நாலு தண்ணீர் விட்டு அலசினால் சிவப்பு இறங்கிவிடும். ஆனால் அதற்குள் மிரண்டுபோனவர் பிளீச்சைத் தேடிப் போயிருப்பார்.

குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரையும், ஸ்பிரிட்டில் கரையும். சாம்பாரில் அது தாளித்த எண்ணெயோடு சேர்ந்துதான் துணிக்கு வருகிறது. எனவே முதலில் போக வேண்டியது எண்ணெய். மேலே நிற்கிற பருப்பையும் குழம்பையும் ஒரு ஸ்பூன் விளிம்பால் வழித்தெடுத்துவிட்டு, துணியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட வேண்டும். முன்பக்கத்தில் விட்டால் கறை துணியைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். பின்பக்கத்தில் விட்டால் வந்த வழியே வெளியேறும். பிறகு பாத்திரம் துலக்குகிற திரவம் ஒரு துளி, பத்து நிமிடம் பொறுமை, ஓர் அலசல். அதன்பின் மிஞ்சுகிற மஞ்சளுக்கு மருந்து வேண்டாம், மொட்டைமாடிக் கொடி போதும். குர்குமின் வெயில் தாங்காது. தாலிக்கயிற்றுக்குத் திரும்பத் திரும்ப மஞ்சள் தேய்க்க வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். சாயத் தொழிலில் மஞ்சளை நிற்காத சாயம் என்றுதான் சொல்வார்கள். நாம் அதிகம் பயப்படும் கறை, சாயங்களிலேயே சோப்ளாங்கி.

அடுத்தது வெந்நீர். நம் பொதுப்புத்தியில் இதற்கு இருக்கிற செல்வாக்கு வேறெதற்கும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரத்தம், பால், முட்டை, தயிர், குழந்தை கக்கியது இவற்றிலெல்லாம் இருப்பது புரதம். முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 60 பாகை செல்சியஸில் கெட்டிப்படத் தொடங்குகிறது. ஒருமுறை கெட்டிப்பட்ட முட்டையை வீட்டில் யாராலும் தண்ணீராக்க முடியாது. இரத்தம் பட்ட போர்வையைக் கொதிநீரில் முக்குகிறவர் நூலுக்குள்ளேயே ஒரு முட்டையை வேகவைத்துக்கொண்டிருக்கிறார். ஊடும் பாவும் சேர்கிற ஒவ்வொரு இடுக்கிலும் அது வெந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன் பிறகு எந்த சோப்புத்தூளைக் கொட்டினாலும் பழுப்பு வளையம் நிற்கும். அப்போது ‘இரத்தக்கறை போகவே போகாதுங்க’ என்று சொல்வது நாமே பூட்டிய கதவுக்கு மரத்தைக் குறை சொல்வது.

பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதவிலக்குத் துணியை முதலில் பச்சைத்தண்ணீரில் அலசு, பிறகுதான் சோப்பு என்று அம்மாக்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லிவந்த பாடம் இது. குரலைத் தாழ்த்தியே சொன்னதால் வீட்டு ஆண்களின் காதுக்கும் குறிப்பு எழுதுகிறவர்களின் காதுக்கும் அது எட்டவில்லை போலிருக்கிறது. அந்தத் துணியை வெயில் படாமல் குளியலறை மூலையில் ஒளித்துக் காயப்போட வைத்ததும் இதே கூச்சம்தான். கறைக்கும் கிருமிக்கும் எதிரியான வெயிலை ஊரார் கண்ணுக்குப் பயந்து விட்டுக்கொடுத்தோம்.

பச்சைத்தண்ணீர் என்றால் நிஜமாகவே பச்சைத்தண்ணீராக இருக்க வேண்டும். சித்திரை மாதத்து மதியத்தில் மொட்டைமாடி பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் கையைச் சுடும். அதற்குக் குடத்துத் தண்ணீர் எவ்வளவோ மேல்.

வெந்நீர்க் கட்சியார் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இன்று கடையில் கிடைக்கிற கொஞ்சம் விலைகூடிய சோப்புத்தூள்கள் பெரும்பாலானவற்றில் நொதிகள் இருக்கும். புரதத்தை அறுக்க ஒன்று, கொழுப்பை அறுக்க ஒன்று, கஞ்சிப்பசையை அறுக்க ஒன்று. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் 1913இல் கணையத்து நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார். காரத்தைத் தாங்கும் பாக்டீரியா நொதிகள் 1960களில் வந்தபின்புதான் அது பெரிய வியாபாரமானது. இந்த நொதிகளும் புரதங்களே. பெரும்பாலானவை 30 முதல் 50 பாகைவரை சுறுசுறுப்பாக வேலை செய்யும். கொதிநீரில் சில நிமிடங்களில் செத்துப்போகும். பாக்கெட்டுக்குக் கூடுதல் காசு கொடுத்து நொதியை வாங்கிவந்து, வாளியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, கொடுத்த காசைக் கொன்றுவிட்டு, தூள் சரியில்லை என்று அடுத்த மாதம் பிராண்டை மாற்றுகிறோம். ஆறின தண்ணீரில் நொதித்தூளைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவிடுவதில் வீரம் எதுவும் இல்லை. ஒருவேளை அதனால்தான் அது வீடியோவில் வருவதில்லை.

இப்போது கொஞ்சம் சாயப்பட்டறைப் பக்கம் போய்வரலாம். கறையை விரட்டுவது எப்படி என்று தெரிந்துகொள்ள, கறையை நிறுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களைக் கேட்பதுதான் முறை. நாகப்பட்டினம் முதல் மசூலிப்பட்டினம் வரை சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட பருத்தித் துணி பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவைக் கிறங்கடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், துவைத்தாலும் அதன் நிறம் போகவில்லை என்பது. 1686இல் பிரான்ஸ் அதைத் தடைசெய்தது. 1700இல் இங்கிலாந்தும் தடை போட்டது. அந்த நிறம் எப்படி நின்றது? துணியை முதலில் கடுக்காய் கலந்த எருமைப்பாலில் தோய்த்தார்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுத்தது. கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பிடித்துக்கொண்டது. துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு புளிக்கவைத்த கரைசல் பட்ட இடத்தில் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கறுப்பு பிறந்தது. படிக்காரம் தடவிய இடத்தில் சாயவேர் சிவந்தது. சிவப்பேறத் துணியைச் சாயவேரோடு கொதிக்கவைத்தார்கள். துவர்ப்பு, உலோகம், சூடு, காத்திருப்பு: நிறத்தை நிறுத்த அவர்கள் கையாண்டவை இவை.

நம் வீட்டு முதலுதவியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாழைக்கறையோ தேநீரோ பட்ட துணியில் துவர்ப்பு ஏற்கனவே இருக்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கொதிநீரை நாம் சேர்க்கிறோம். அழுக்குக் கூடையில் ஞாயிற்றுக்கிழமைவரை கிடத்திக் காத்திருப்பையும் சேர்த்துவிடுகிறோம். சாயக்காரர் பாக்கி வைத்த வேலை ஒன்றும் இல்லை.

உப்பையும் சும்மா விடுவதற்கில்லை. பருத்தி நூல் சாயத்தைத் தண்ணீரிலிருந்து தன்பக்கம் இழுத்துக்கொள்வதற்காகத்தான் சாயப்பட்டறைகளில் உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். நொய்யல் ஆறு கெட்டதில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னதும் இந்தக் கழிவுநீர் விவகாரத்தில்தான். சாயத்தை நூலில் ஏற்ற உதவுகிற உப்பு, கறையை மட்டும் எப்படி இறக்கும் என்று உப்பு வைத்தியர்கள் சொல்ல வேண்டும். இரத்தத்துக்கு ஆறின உப்புநீரால் கெடுதல் இல்லை, அவ்வளவுதான். அங்கேயும் பெரும்பாலான வேலையைச் செய்வது தண்ணீர்.

எலுமிச்சை கதை இன்னும் வேடிக்கை. மருதாணி நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று அரைத்த விழுதில் எலுமிச்சைச் சாறு விடுகிறோம். இலையில் உள்ள நிறத்தை வெளிக்கொண்டுவர அந்தப் புளிப்பு உதவுகிறது. கை சிவக்க எலுமிச்சை. அதே வீட்டில் அதே மருதாணி பட்டுப்பாவாடையில் பட்டால், அதைப் போக்கவும் எலுமிச்சை! பட்டும் தோலைப் போலப் புரதம்தான், மருதாணியை உறவாகவே ஏற்றுக்கொள்ளும். எலுமிச்சைக்கு எதிரி நான் இல்லை. இரும்புத்துருக் கறைக்கு அதைவிட நல்ல சரக்கு சமையலறையில் கிடையாது. கொடிக்கம்பியின் துரு வெள்ளைச் சட்டைத் தோளில் கோடாக விழுந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றை விட்டு வெயிலில் வைத்து அலசலாம். சாற்றின் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக் கரைத்துக் கொண்டுபோகும். அதே துருவில் பிளீச் விட்டால் நிறம் இன்னும் அழுத்தமாகும். துருவுக்குப் பிளீச்சும் மருதாணிக்கு எலுமிச்சையும் போடுகிறோம், இரண்டும் தவறு என்பதே தெரியாமல்.

ஆப்பசோடாவும் வினிகரும் கலந்தால் நுரை பொங்குமே, அந்த வித்தைக்கு இரண்டு வரி போதும். ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு, கரியமில வாயுவைக் குமிழாக வெளியே விட்டு, கொஞ்சம் உப்புத்தண்ணீரை மிச்சம் வைக்கும். தனித்தனியே இருந்தபோது இரண்டுக்கும் இருந்த சொற்பத் திறமையும் அந்த நுரையோடு சரி. கண்ணுக்கு வேலை நடப்பதுபோல இருக்கிறது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ‘இயற்கை முறை’ என்ற பெயர் வேறு.

பிளீச் விஷயம் வேடிக்கையோடு போகாது. நம் கடைகளில் புட்டியில் வருகிற பிளீச் பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட். வெள்ளைப் பருத்தியில், அளவாக, எல்லா வழியும் தோற்றபின் அதற்கு இடம் உண்டு. பட்டிலும் கம்பளியிலும் பட்டால் நூலையே கரைக்கும். அக்குளில் படிகிற வியர்வை மஞ்சளுக்கு அதைப் போட்டால் மஞ்சள் கூடலாம். ஒரு வைத்தியம் பலிக்கவில்லையே என்று எலுமிச்சை விட்ட இடத்திலேயே பிளீச்சையும் விடுகிறார்கள். கழிவறை அமிலம் சிந்திய தரையில் பிளீச் ஊறவைத்த துணியைப் போடுகிறார்கள். அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குள் விட்ட அதே வாயு, கதவைச் சாத்திய குளியலறைக்குள். வேட்டி போனால் வேறு வேட்டி வாங்கலாம்.

பலத்தை நம்புகிறவர்கள் தவறவிடுகிற மற்றொன்று காலம். சில கறைகள் விழும்போது கறையாகவே இருப்பதில்லை. வாழைப்பூ ஆய்கிறபோது தெறிக்கிற நீர் அப்போது நிறமற்றது. கீறின இளநீர் மட்டையின் சாறு சட்டையில் பட்டால் வெறும் தண்ணீர்போலக் காயும். நுங்கு சீவுகிற இடத்திலும் இதுதான் நடக்கும். சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றுப் பட்டு மெல்ல மெல்லப் பழுப்பேறி, கருத்து, நூலோடு ஒன்றிப்போகும். இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் விரல் எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த வேகம் தெரியும். வாழைப்பூவைத் தொடும்முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிற வழக்கம் இதை அறிந்தவர்கள் வைத்தது. நறுக்கினதை மோர் கலந்த தண்ணீரில் போடுவதும் அப்படித்தான். மோரின் புளிப்பில் கறுப்பது மட்டுப்படும். காய்க்கு இவ்வளவு யோசித்தவர்கள் முந்தானைக்கு யோசிக்கவில்லை. வாழைச்சாறு தெறித்த அந்த நிமிடமே எழுந்துபோய்த் தண்ணீரில் அலசினால் பெரும்பகுதி போய்விடும். மறுநாள் அதே புடவைக்கு எந்த விளம்பரக்காரராலும் உத்தரவாதம் தர முடியாது.

குளிர்பானமும் சர்பத்தும்கூட இப்படித்தான் ஏமாற்றும். காய்ந்தால் ஒன்றும் தெரியாது, சர்க்கரை மட்டும் நூலில் இருக்கும். இஸ்திரிப் பெட்டி மேலே போகும்போது அந்தச் சர்க்கரை கருகிப் பழுப்பாகும். இஸ்திரி வண்டிக்காரர் கறையாக்கிவிட்டார் என்று சண்டைக்குப் போகிற வீடுகளுக்குச் சொல்கிறேன்: பெரும்பாலும் அவர் கறையாக்கவில்லை, நீங்கள் அலசாமல் கொடுத்ததை அவர் பெட்டி காட்டிக்கொடுத்தது. கறை முழுதாகப் போயிற்றா என்று ஈரத்தில் தெரியாது. காயவைத்து, வெளிச்சத்தில் பார்த்து, அதன்பிறகுதான் பெட்டி.

இங்கே பலரும் எடுக்கிற ஆயுதம் வெள்ளாவி. “அந்தக் காலத்துல வெள்ளாவி வச்சாங்களே, ஆவியிலே வேகவச்சுத்தானே எல்லாக் கறையும் போச்சு? சூடு கெடுதல்னா அது எப்படி?” நியாயமான கேள்வி. வெள்ளாவியில் சூடு முதல் படி இல்லை. துணிகளை உவர்மண் கரைத்த ஆறின தண்ணீரில் தோய்த்து ஊறவைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பது இயற்கையான சோடாக்காரம். எண்ணெயையும் புரதத்தையும் இளக்கும். அதன்பிறகே பானைமேல் அடுக்கி விடியவிடிய ஆவி. மறுநாள் கல்லில் அடிப்பு, ஆற்றில் அலசல், மணலில் விரித்து வெயில். ஈரத்துணியில் வெயில் விழுந்து நடக்கிற வெளுப்புதான் அந்த வெண்மையின் பாதி இரகசியம். சாயத்துணியை அவர்கள் வெள்ளாவியில் வைக்கவில்லை என்பதையும், அந்தக் கெட்டி நூல் வேட்டிகளே அடி தாங்காமல் நாளடைவில் கிழிந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வரிசையிலிருந்து ஆவியை மட்டும் பிய்த்தெடுத்து, புதுக் கறையின்மேல் கெட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு, வண்ணார் மரபு என்று பேர் சொல்வது அந்தக் கைப்பழக்கத்துக்கு இழைக்கிற அவமரியாதை. பால் கலக்காத தேநீரும் பழச்சாறும் பட்ட வெள்ளைப் பருத்தி விரிப்பில் கொதிநீரை உயரத்திலிருந்து ஊற்றும் முறை ஒன்றும் உண்டு. அங்கே பலிக்கலாம். நம் காபியிலோ பாதி பால்.

எல்லாக் கறையும் போகும் என்று நான் வாதாட வரவில்லை. போகாத கறை எது என்று சலவைத் தொழிலாளர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அதையே எடுத்து வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்கக் குறி போட்டார்கள். சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு ஓரத்தில் ஒரு புள்ளி, ஒரு கோடு. சுண்ணாம்பு பட்டதும் கறுத்துவிடும். எத்தனை வெள்ளாவிக்கும் அது அசையாது, துணி கிழிந்தாலும் குறி நிற்கும். தோலில் பட்டால் கொப்பளிக்கும் சாறு அது. பிடிவாதக் கறை என்ற பட்டம் அதற்குப் பொருந்தும். குழந்தையின் சீருடைப் பையில் ஒழுகிய பால்பாயிண்ட் பேனாவுக்குப் பொருந்தாது. அடியில் ஒரு பழைய துணியை வைத்து, ஸ்பிரிட்டையோ கை சுத்திகரிப்பானையோ பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் மை கீழ்த்துணிக்கு இறங்கிவிடும். தேய்த்தால் சட்டை முழுக்க நீலம்.

தேய்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரஷ்ஷால் ஓங்கி ஓங்கித் தேய்க்கும்போது நூலின் மேற்பரப்பு சிலும்பி, அந்த இடம் மட்டும் ஒளியை வேறுவிதமாகச் சிதறடிக்கும். கறை போனபிறகும் கறை இருந்த இடம் தெரியும். சலவைக்குப்பின் வட்டமாக வெளிறித் தெரிகிற பல ‘கறைகள்’ பிரஷ்ஷின் தழும்புகள். மெத்தை, சோபா விஷயத்தில் இன்னும் மோசம். தண்ணீரைக் கொட்டித் தேய்க்கத் தேய்க்கக் கறை உள்ளே பஞ்சுக்குள் இறங்கி, காயும்போது மறுபடி மேலே வரும். அங்கே கொஞ்சம் தண்ணீர், நிறைய உலர்ந்த துணி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்தல் மட்டுமே.

“இதையெல்லாம் யார் யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க? ஒவ்வொரு கறைக்கும் வேதியியல் படிக்க முடியுமா?” என்பார்கள். படிக்க வேண்டாம். நான் சொல்கிற வழி பலத்தின் வழியைவிடச் சோம்பேறித்தனமானது. என்ன கறை என்றே தெரியாவிட்டாலும், பருத்தியோ பாலியெஸ்டரோ, வழித்தெடு, பின்பக்கத்திலிருந்து பச்சைத்தண்ணீர் விடு, நொதித்தூளில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போ. இதனால் எந்தக் கறையும் முற்றாது. எண்ணெய்க் கறை மட்டும் கொஞ்சம் மிஞ்சலாம், மறுநாள் அதற்குப் பாத்திரத் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொடுத்துக்கொள்ளலாம். கொதிநீரை முதலில் ஊற்றியவருக்கு இந்த மறுநாள் கிடையாது. கறையோடு மல்லுக்கட்டுவதுதான் உழைப்பு என்ற எண்ணம் யாருடைய முதுகில் ஏறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் கறையோடு வருவது மகனும் கணவனும். பிரஷ்ஷும் வாளியுமாக நிற்பது அம்மா. கறை போகாவிட்டால் துவைக்கத் தெரியாதவள் என்ற பேர் அவளுக்கு. பந்தியில் வெந்நீர் ஊற்றச் சொன்னவருக்கு ஒரு பேரும் இல்லை.

பட்டுக்கு இந்த வழி செல்லாது. தண்ணீர் பட்டாலே சில பட்டில் வளையம் விழும். புரதத்தை அறுக்கும் நொதி பட்டையும் அறுக்கும். வெள்ளைத்துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, மடித்து பீரோவில் வைக்காமல், அந்த வாரமே சலவைக்கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கடையில் ரசீது எழுதும்போது ‘பட்டு 1, கறை’ என்று எழுதி நீட்டுவார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ‘ரசம், ஞாயிறு மதியம், வீட்டில் எதுவும் போடவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். எலுமிச்சை போட்டிருந்தால், உப்பு வைத்துத் தேய்த்திருந்தால், அதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். கல்லாவில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். உள்ளே மேசையில் கறை எடுக்கிறவர் எந்தப் புட்டியைத் திறப்பது என்று முடிவுசெய்வது அந்த ஒற்றை வரியை வைத்துத்தான்.